கணக்கு சொன்ன மௌனம்

மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போகும் அம்மாக்களைப் பற்றி அங்குள்ள தமிழ் வீடுகளில் ஒரே மாதிரிக் கதைதான் கேட்கலாம். முதல் வாரம் சாயங்காலம் ஆறரை மணிக்கே சோபாவில் தலை சாய்ந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். வீடே உறங்கும்போது சமையலறையில் விளக்கு எரியும், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் படுங்க அத்தை" என்று மருமகன் சொன்னால், "தூக்கம் வந்தாத்தானே மாப்பிள்ளை" என்று பதில் வரும்.

கோடைக்காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நியூ ஜெர்சியின் ராத்திரி இரண்டு மணி, சென்னையில் காலை பதினொன்றரை. கைக்கடிகாரத்தை விமானத்திலேயே திருப்பி வைத்தாயிற்று. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் மட்டும் சென்னையை விட்டு வர மறுக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் என்றுதான் அது நகர்ந்து கொடுக்கும்.

அந்தக் கடிகாரம் எதனால் ஆனது? செல்லுக்குள் பல்சக்கரம் கிடையாது, ஊசல் கிடையாது. இருப்பதெல்லாம் புரதங்களும் உப்புத் தண்ணீரும்தான். அங்கே நடக்கும் வேதிவினைகளில் பெரும்பாலானவை நொடியிலோ நிமிடத்திலோ முடிந்துபோகிறவை. அப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை அளப்பது எப்படி?

விடை தேடியவர்களில் உயிரியலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சமமாகக் கணிதக்காரர்களும் இருந்தார்கள். பொதுவாக உயிரியலில் கணிதத்துக்குக் கிடைக்கும் இடம் பந்தியின் கடைசி வரிசை. ஆய்வகம் கண்டுபிடித்து முடித்ததைச் சமன்பாடாக எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். உயிர்க்கடிகாரத்தின் கதை வேறு. இதில் இரண்டு முறை ஆய்வகம் ஒன்று சொல்ல, கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. இரண்டு முறையும் கணக்குதான் ஜெயித்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. கடிகாரம் உள்ளேதான் இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் 1729-இல் கிடைத்தது. ழான் ழாக் தே மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாவிட்டாலும் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. மனிதர்களுக்கு இந்த உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடுகிறது என்று ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் 1999-இல் அளந்து சொன்னார்கள். தினமும் அந்தப் பதினோரு நிமிடத்தைத் திருத்திக் கொடுப்பது காலை வெளிச்சம்.

வெளிச்சம் மட்டும்தான் திருத்தும் என்றில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் பக்கத்துக் குகைகளில் வாழும் வௌவால்களை வைத்துச் செய்த ஆய்வு இந்தத் துறையில் பெயர் பெற்றது. பகல் வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டில் அடைத்த வௌவால்கள், சுற்றிலும் மற்ற வௌவால்கள் சுதந்திரமாகப் போய்வந்துகொண்டிருந்த வரை 24 மணி நேர ஒழுங்கைக் காப்பாற்றின. வௌவால் இல்லாத குகைக்கு மாற்றியதும் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரப்படி ஓட ஆரம்பித்தது. இந்த முடிவு 1981-இல் வெளியானது. கூட்டத்தின் சந்தடியே அவற்றுக்கு மணியோசை.

பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பது 1972-இல் தெரிந்தது. இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்கே போகின்றன. அந்தக் குறுக்குக்கு நேர் மேலே இடமும் வலமுமாக இரண்டு சிறு நரம்புக் கொத்துகள் உள்ளன. சுப்ராகையாஸ்மேட்டிக் நியூக்ளியஸ் என்று வாய்நிறையப் பெயர். இந்தக் கட்டுரைக்குக் குறுக்குமேல் கரு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலுமாகச் சேர்த்துச் சுமார் 20,000 நரம்புச் செல்கள். அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எலிகளில் இந்தப் பகுதியை அழித்துப் பார்த்தன. எலிகள் பிழைத்தன, ஆனால் எப்போது தூங்குவது, எப்போது ஓடுவது என்ற ஒழுங்கு அடியோடு போயிற்று.

அழித்தால் ஒழுங்கு போகிறது என்பதால் மட்டும் அதுதான் கடிகாரம் என்று சொல்லிவிட முடியுமா? கடிகாரத்திலிருந்து செய்தி கொண்டுபோகும் கம்பியை அறுத்தாலும் அதே விளைவுதானே வரும்? சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது ஒரு ஹாம்ஸ்டர். மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனேக்கர் இருவரும் வைத்திருந்த ஹாம்ஸ்டர்களில் ஒன்று, இருட்டில் 24 மணிக்குப் பதில் 22 மணி நேரச் சுற்றில் ஓடியது. அதன் வழியில் பிறந்து, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணு மாற்றத்தைப் பெற்ற குட்டிகளுக்கு நாள் என்பது 20 மணி நேரம். 'டௌ' என்று பெயரிட்டு 1988-இல் அறிவித்தார்கள். பிறகு சாதாரண ஹாம்ஸ்டரின் குறுக்குமேல் கருவை நீக்கிவிட்டு, டௌ ஹாம்ஸ்டரிலிருந்து எடுத்த திசுவை அங்கே பதித்தார்கள். ஒழுங்கு திரும்பியது. எத்தனை மணி நேரச் சுற்றில்? கொடுத்த விலங்கின் 20 மணி நேரச் சுற்றில். ஒரு விலங்கின் நாளைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டிவிட்டது போல ஆயிற்று. 1990-இல் வெளியான இந்தச் சோதனைக்குப் பிறகு யாரும் சந்தேகம் எழுப்பவில்லை.

டௌ ஹாம்ஸ்டருக்கு இந்தக் கதையில் இன்னொரு வேலை இருக்கிறது. அதற்கு முன் ஒரே ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். கீழே மோட்டார். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் யாராவது ஓடிப்போய் மோட்டாரை அணைக்கிறார்கள். பிறகு குளியல், துவையல், பாத்திரம் என்று தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. குழாயில் புஸ்ஸென்று காற்று வந்த பிறகுதான் "மோட்டாரைப் போடு" என்ற குரல் எழும். வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இருந்தாலும் மோட்டார் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஓடி ஓடி நிற்கிறது.

செல்லுக்குள் மோட்டாரின் இடத்தில் இருப்பது பீரியட் என்ற மரபணு. கலிஃபோர்னியாவில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971-இல் பழ ஈக்களில் கண்டுபிடித்தது. இந்த மரபணு பழுதான ஈக்களில் சிலவற்றுக்கு 19 மணி நேர நாள், சிலவற்றுக்கு 28 மணி நேர நாள், சிலவற்றுக்கு ஒழுங்கே இல்லை. அது தயாரிக்கும் பெர் என்ற புரதம்தான் தண்ணீர். பெர் போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் உட்கருவுக்குள் திரும்பிப் போய்த் தன்னைத் தயாரித்த மரபணுவையே அணைக்கிறது. பிறகு பெர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து குறைகிறது. போதுமான அளவு குறைந்ததும் மரபணு மறுபடி விழிக்கிறது. விளைபொருளே தன் உற்பத்தியைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டை எதிர்ப்பின்னூட்டம் என்கிறோம். 1990-இல் ஈக்களில் இதைக் காட்டிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ் இருவரும், இதே துறையில் உழைத்த மைக்கேல் யங்கும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் எதிர்ப்பின்னூட்டம் இருந்தால் போதும், கடிகாரம் தானாக ஓடும் என்று நினைப்பது தவறு. இதைச் சொன்னதே கணிதம்தான். மரபணு தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் சுற்று அலைவுகளை உண்டாக்கலாம் என்று பிரையன் குட்வின் 1965-இலேயே சமன்பாடு எழுதிவிட்டார். மூன்று வருடம் கழித்து ஜே. எஸ். கிரிஃபித் அதைக் கூர்ந்து ஆராய்ந்து, பெரும்பாலான நேரம் அந்தச் சமன்பாடு ஆடவே ஆடாது என்று காட்டினார். தொட்டி உதாரணத்திலேயே காரணம் தெரியும். ஒருவர் தொட்டி அருகிலேயே உட்கார்ந்து, மட்டம் ஏறினால் வால்வை லேசாகத் திருகிக் குறைத்து, இறங்கினால் லேசாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றுவிடும். ஏற்ற இறக்கம் வர வேண்டுமென்றால் செய்தி தாமதமாகப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் மோட்டார் பட்டென்று நிற்க வேண்டும். செல்லில் தாமதத்துக்குக் குறைவில்லை. மரபணுவைப் படியெடுப்பது, படி உட்கருவை விட்டு வெளியே வருவது, புரதமாவது, அதன்மேல் பாஸ்பேட் ஒட்டுவது, க்ரை என்ற கூட்டாளிப் புரதத்தோடு சேர்வது, உள்ளே திரும்புவது என்று படிக்குப் படி நேரம் போகிறது. இவை எல்லாம் கூடித்தான் ஒரு நாள்.

இப்போது கணித மாதிரி என்றால் என்னவென்று சொல்லிவிடலாம். இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுகிறார்கள்: இந்தப் புரதம் இந்த நொடியில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது. எல்லா வரிகளையும் கணினியில் சேர்த்து ஓட்டினால் அடுத்த நொடியின் நிலவரம் கிடைக்கும், அதிலிருந்து அதற்கடுத்தது. டேனியல் ஃபோர்ஜர், சார்லஸ் பெஸ்கின் என்ற கணிதக்காரர்கள் இருவரும் 2003-இல் பாலூட்டிச் செல்லுக்கு இப்படி எழுதிய மாதிரியில் 70-க்கும் மேற்பட்ட அளவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடின.

இந்த மாதிரியில்தான் டௌ ஹாம்ஸ்டர் வந்து மாட்டியது. ஹாம்ஸ்டரின் பழுது எந்த மரபணுவில் என்பது 2000-இல் தெரிந்துவிட்டது. கேசீன் கைனேஸ் 1 எப்சிலான் என்ற நொதி. பெர் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, 'இதைச் சிதைக்கலாம்' என்று அடையாளம் வைப்பது அதன் வேலை. தொட்டிக் கணக்கில் சொன்னால் தண்ணீரை வெளியேற்றும் குழாய். சோதனைக் குழாயில் அளந்தபோது டௌ நொதி மந்தமாகத்தான் வேலை செய்தது. குழாய் மெல்லச் சொட்டினால் தொட்டி காலியாக அதிக நேரம் ஆகும், நாள் நீள வேண்டும். இங்கேயோ நாள் நான்கு மணி நேரம் குறைந்திருக்கிறது. அதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருந்தது: வெளியேற்றம் குறைவதால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், மோட்டாரும் சீக்கிரம் நிற்கும், அதனால் சுற்று குறுகும்.

கேட்பதற்கு இதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்லும் விளக்கத்தின் வசதியே அதுதான். நாள் நீண்டாலும் குறுகினாலும் ஒரு காரணம் கிடைத்துவிடும். நிரம்புவதில் மிச்சமாகும் நேரம் அதிகமா, காலியாவதில் கூடும் நேரம் அதிகமா என்று கேட்டால் வார்த்தை வாயடைத்துப் போகும். சமன்பாடு அடைக்காது. ஃபோர்ஜரின் மாதிரியில் நொதியை மந்தமாக்கிப் பார்த்தபோது நாள் நீண்டது. குறுக வேண்டுமென்றால் நொதி பெர் புரதத்தின்மேல் முன்பைவிட வேகமாகப் பாய வேண்டும். அதாவது ஆய்வகத்தில் அளந்ததற்கு நேர் எதிர்.

இந்தக் கணிப்பை உயிரியலாளர் டேவிட் விர்ஷப்பின் ஆய்வுக்குழு உயிருள்ள செல்களில் சோதித்தது. டௌ நொதி இருந்த செல்களில் பெர் புரதம் வேகமாகச் சிதைந்தது. மற்றப் புரதங்களிடம் சோம்பேறியாக இருந்த நொதி, பெர்ரிடம் மட்டும் கூடுதல் சுறுசுறுப்பு காட்டியது. சோதனைக் குழாயின் அளவீட்டில் பிழை இல்லை. அது அளந்த விஷயம்தான் வேறு. 2006-இல் இரு தரப்பும் சேர்ந்து வெளியிட்டன. இரண்டு வருடத்தில் டௌ மாற்றம் புகுத்திய சுண்டெலிகளும் இதையே உறுதிசெய்தன. ஹாம்ஸ்டர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் பலருக்குச் சாயங்காலம் ஏழரைக்கே தூக்கம் வந்து விடியற்காலை நாலரைக்கு விழிப்பு வந்துகொண்டிருந்தது. 2001-இல் காரணம் தெரிந்தது: இந்த நொதி வந்து பற்றும் பகுதியில், பெர் வகைகளில் ஒன்றான பெர்2 புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

இது மரபணுவின் கதை. ஆனால் குறுக்குமேல் கருவில் இருப்பவை நரம்புச் செல்கள். அவை மின்துடிப்பால் பேசுகின்றன. மற்ற உறுப்புகளுக்கு நேரம் சொல்ல வேண்டுமென்றால் புரதத்தின் ஏற்ற இறக்கம் துடிப்பாக மாறியாக வேண்டும். இரண்டாவது மோதல் இந்த இடத்தில்.

நரம்புத் துடிப்புக்கான கணக்கு உயிரியலின் ஆகப் பெரிய கணித வெற்றிகளில் ஒன்று. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை வைத்து 1952-இல் அதை எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஒரே கணினி அப்போது மாற்றியமைக்கும் வேலைக்காக மூடப்பட்டிருந்ததால், கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் கைப்பிடியைச் சுற்றித்தான் விடை கண்டார். துடிப்பு நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று கணக்கு வந்தது. அளந்து பார்த்த வேகம் 21.2 மீட்டர். கைப்பிடி சுற்றியதற்கு இது மோசமில்லை. 1963-இல் நோபல் பரிசு வந்தது.

அந்தக் கணக்கின் சாரம் இது. ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மின்னழுத்தத்தில் தாழ்ந்திருக்கும். சவ்வில் உப்பு அயனிகளுக்கென்று தனித்தனி வாயில்கள் உண்டு. மின்னழுத்தம் ஓரளவு ஏறினால் சோடியம் வாயில் திறந்து, அயனிகள் பாய்ந்து வந்து, மின்னழுத்தம் விருட்டென்று மேலே போகும். அது துடிப்பு. அடுத்து பொட்டாசியம் வாயில் திறந்து அதைக் கீழே இறக்கும். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். சோடியம் வாயிலுக்குக் கதவு இரண்டு. மின்னழுத்தம் ஏறியதும் ஒன்று சட்டென்று திறக்கும். மற்றது சற்றுப் பிந்தி மூடிக்கொள்ளும். மூடிய கதவு மறுபடி திறக்க வேண்டுமென்றால் மின்னழுத்தம் கீழே இறங்கித் தீர வேண்டும். துடித்த செல் ஒருமுறை இறங்கி வந்தால்தான் அடுத்த துடிப்பு.

குறுக்குமேல் கருவின் செல்கள் பகலில் அதிகம் துடிக்கும், இரவில் அடங்கும் என்பது பல பத்தாண்டுகளாகப் பாடமாக இருந்து வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபோர்ஜரும் மாணவர் கேசி டீக்மனும் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி வழியில் இந்தச் செல்களுக்கான மாதிரியைச் செய்தார்கள். கடிகார மரபணுக்களின் சொல்படி கால்சியம், பொட்டாசியம் வாயில்கள் நாள் முழுக்கக் கூடிக் குறைவதையும் சேர்த்தார்கள். ஓட்டிப் பார்த்தால் பாடத்தில் இல்லாத ஒன்று வந்து நின்றது. இரவில் மின்னழுத்தம் தாழ்வாக இருக்கிறது, செல் மௌனம். காலையில் ஏறுகிறது, துடிப்பு தொடங்குகிறது. மதியத்தில் இன்னும் ஏறுகிறது. பாடப்படி துடிப்பு உச்சத்துக்குப் போக வேண்டும். கணக்குப்படி அது நின்றுவிடுகிறது! பொழுது சாயும்போது மின்னழுத்தம் இறங்கி வருகிறது, செல் மறுபடி துடிக்கிறது.

காரணம் அந்த இரண்டாவது கதவு. மின்னழுத்தம் இறங்காமல் உயரத்திலேயே நின்றுவிட்டால் மூடிய கதவு மூடியபடியே இருக்கும். செல் உச்சக் கிளர்ச்சியில் இருக்கிறது, ஆனால் துடிக்க வழியில்லை. சோடியம் ஒதுங்கிவிட்ட அந்த உயரத்தில் கால்சியத்தின் போக்குவரத்தால் சின்னச் சின்ன அலைகள் மட்டும் ஓடும். ஆக ஒரே செல்லுக்கு இரண்டு விதமான மௌனம்: இரவில் தாழ்ந்து கிடப்பதால் ஒன்று, மதியம் ஏறி நிற்பதால் ஒன்று. வெளியிலிருந்து துடிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இதை நம்புவது எளிதாக இருக்கவில்லை. நரம்பு மின்பதிவு செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மின்னழுத்தம் மேலேயே நின்று துடிப்பும் இல்லாமல் ஒரு செல் கண்ணில் பட்டால், ஊசி குத்தியதில் சேதமாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பெரும்பாலான மூளைப் பகுதிகளில் அது சரியான வழக்கமும்கூட. போதாக்குறைக்கு, குறுக்குமேல் கருவின் எல்லாச் செல்களும் ஒரே ரகம் இல்லை. சிலவற்றில் பீரியட் மரபணுவின் ஒரு வகையான பெர்1 தீவிரமாக ஓடுகிறது, சிலவற்றில் இல்லை. எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால், பகலெல்லாம் துடிக்கும் பிற செல்களின் இரைச்சலில் கடிகாரச் செல்களின் மதிய மௌனம் அமுங்கிப்போகும்.

சோதனை இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹியூ பிக்கின்ஸின் ஆய்வகத்தில் நடந்தது. மினோ பெல் அங்கே பயன்படுத்திய சுண்டெலிகளில் பெர்1 மரபணு விழித்திருக்கும் செல்கள் பச்சையாக ஒளிரும்படி செய்யப்பட்டிருந்தது. மூளையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, உயிர்காக்கும் திரவத்தில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையைப் பச்சைச் செல் ஒன்றின் சவ்வில் ஒட்டவைத்து மின்னழுத்தத்தைப் படிக்க வேண்டும். காலை, மதியம், மாலை, இரவு என்று நேரம் மாற்றி மாற்றிச் செல் செல்லாக இதைச் செய்ய வேண்டும். உடம்பைவிட்டுப் பிரிந்த சீவலுக்கும் மணி தெரியும் என்பதால் இது சாத்தியமாகிறது.

பச்சைச் செல்கள் மதியத்தில் மௌனமாகத்தான் இருந்தன. மின்னழுத்தம் உயரத்தில் நின்றது. கணக்கு சொன்ன அந்தச் சின்ன அலைகளும் இருந்தன. கால்சியம் வாயிலை அடைக்கும் நிமோடிபின் மருந்தைக் கொடுத்ததும் அவை ஓய்ந்தன. மாலையில் துடிப்பு திரும்பியது. பச்சை இல்லாத செல்களில் இந்த விசித்திரம் இல்லை. 2009 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. செத்த செல் என்று ஒதுக்கத் தகுந்ததாகத் தோன்றியதுதான் வேலையின் உச்சத்தில் இருந்த கடிகாரச் செல்.

கணித மாதிரிகளைப் பற்றி ஒரு முறைப்பாடு எப்போதும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. இவ்வளவு எண்களை உள்ளே போட்டால் எந்த வளைகோட்டையும் வரவழைத்துவிடலாமே? எண்களில் பாதி வெவ்வேறு விலங்குகளில், வெவ்வேறு வெப்பநிலையில் அளந்தவை, மீதி ஊகம். தெரிந்த தரவுக்கு அழகாகப் பொருந்தும் மாதிரியால் எதுவும் நிரூபணமாவதில்லை. யாரும் எதிர்பாராத, பொய்யாகப் போகவும் வாய்ப்புள்ள ஒன்றை முன்கூட்டியே சொல்லி அது பலிக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. டௌவும் மதிய மௌனமும் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அந்தத் துணிச்சல்.

அடுத்த கேள்வி, 20,000 செல்கள் எப்படி ஒரே நேரத்தைக் காட்டுகின்றன என்பது. எலியின் குறுக்குமேல் கருச் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்து டேவிட் வெல்ஷ் முதலானோர் 1995-இல் பதிவுசெய்தபோது, ஒரே தட்டில் ஒரு செல் உச்சத்தில் இருக்க மற்றொன்று உறக்கத்தில் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரம். மூளையில் அவற்றைச் சேர்த்து வைப்பது துடிப்பும் வேதித்தூதும். ஜப்பானில் 2003-இல் செய்த சோதனையில், பேத்தை மீன் நஞ்சான டெட்ரோடோடாக்சினைச் சீவலில் ஊற்றிச் சோடியம் வாயில்களை அடைத்தார்கள். சில நாட்களில் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. நஞ்சைக் கழுவியதும் மறுபடி கூடின, அதுவும் முன்பிருந்த அதே வரிசையில். செல்களைச் சேர்க்கும் தூதுகளில் முக்கியமானதற்கு வி.ஐ.பி. என்றே சுருக்கப்பெயர், அந்தப் பெப்டைடு இல்லாத சுண்டெலிகளில் செல்களின் ஒற்றுமை குலைகிறது.

இதையெல்லாம் ஒரே மாதிரிக்குள் கொண்டுவருவது கணினிக்கே திண்டாட்டம். ஒரு துடிப்பு முடிய ஓரிரு மில்லிநொடி. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிகள். வேகமானதைக் கவனித்தால் நாள் நகராது, நாளைக் கவனித்தால் துடிப்பு கண்ணில் படாது. ஃபோர்ஜர் குழுவினர் 2015-இல் இரண்டையும் சேர்த்து ஓட்டிக் காபா என்ற வேதித்தூதின் பங்கை ஆராய்ந்தார்கள். துடிப்புக்குத் துடிப்பு பாயும் காபா கடிகார மரபணுக்களை அவ்வளவாக அசைக்கவில்லை. பின்னணியில் மெல்லக் கூடிக் குறையும் காபாதான் அவற்றை நகர்த்தியது.

எல்லா வேலைக்கும் இத்தனை நுணுக்கம் தேவைப்படாது. பயணக் களைப்பைக் குறைக்க எப்போது வெளிச்சத்தில் இருக்க வேண்டும், எப்போது இருட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லும் 'என்ட்ரெயின்' என்ற கைப்பேசிச் செயலியை மிச்சிகன் குழு 2014-இல் வெளியிட்டது. அதற்குள் ஓடுவது சில வரிகளே உள்ள எளிய மாதிரி. செல்லும் இல்லை, வாயிலும் இல்லை. வெளிச்சம் எந்த நேரத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும், எந்த நேரத்தில் பின்னே இழுக்கும் என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

இதுவரை சொன்ன மின்பதிவுகள் பெரும்பாலும் சுண்டெலியிடமிருந்து வந்தவை. சுண்டெலி இரவில் ஓடி பகலில் தூங்கும் பிராணி, மனிதன் நேர்மாறு. ஆகவே பெல், டீக்மன் முதலானோர் ஆப்பிரிக்காவின் நான்குவரி எலியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது பகலில் இரை தேடும் எலி. 2021-இல் வெளியான முடிவுகளின்படி அதன் குறுக்குமேல் கருவிலும் பகலில் கிளர்ச்சி, இரவில் மௌனம் என்ற அடிப்படை ஒழுங்கு அப்படியே இருக்கிறது. வித்தியாசம் சின்ன இடத்தில் தெரிந்தது. மின்னழுத்தத்தைக் கீழே அழுத்திப் பிடித்துப் பிறகு விடுவித்தால் இந்தச் செல்களில் சில உடனே துடிக்காமல் தயங்கித் துடிக்கின்றன. அந்தத் தயக்கத்துக்கு ஒருவகைப் பொட்டாசியம் வாயிலைக் காரணமாகக் காட்டியது கணித மாதிரிதான். இரவாடி எலியும் பகலாடி எலியும் ஏறக்குறைய ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரெதிர் நேரத்தில் விழிப்பது எப்படி என்பதற்கு, அதன் செய்தியைப் படிக்கும் மற்ற மூளைப் பகுதிகளில்தான் விடை இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். உயிருள்ள மனிதரிடமிருந்து இப்படி ஒரு சீவல் எடுத்து முனை வைத்துப் பார்க்க வழியில்லை. அதனால் நம்முடைய கடிகாரச் செல்கள் மதியத்தில் என்ன செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு இப்போதைக்கு இந்த வரியெலியின் சமன்பாடுகளைத்தான் காட்ட முடிகிறது.